முள்ளோடைக்கு ஒரு தேதி, ரெட்டிச்சாவடிக்கு ஒரு தேதி: பள்ளி திறப்பும் பெற்றோரின் பயமும்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு ரெட்டிச்சாவடி தெரிந்திருக்கும். அதைத் தாண்டிச் சற்று தூரத்தில் முள்ளோடை. தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்கும் இடம் அதுதான். வழிகாட்டிப் பலகையைத் தேட வேண்டாம், மதுக்கடைகளே எல்லையைக் காட்டிக் கொடுத்துவிடும். இரண்டு பக்கத்து மக்களும் ஒரே சந்தைக்குப் போகிறவர்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள்.

2021 ஜனவரி 4 அன்று முள்ளோடைப் பக்கத்து ஒன்றாம் வகுப்புக் குழந்தை பள்ளிக்குப் போகலாம், ரெட்டிச்சாவடிப் பக்கத்துக் குழந்தை போக முடியாது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று நிலைமை அப்படியே தலைகீழ். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு திறந்துவிட்டது, புதுச்சேரியில் இன்னும் பூட்டு. "அங்க திறந்துட்டாங்களே, இங்க ஏன் திறக்கல?" என்று ஒரு பக்கமும், "இங்க இன்னும் திறக்கலன்னா ஏதோ விஷயம் இருக்குமோ?" என்று மறுபக்கமும் பெற்றோர் குழம்பியதில் வியப்பில்லை.

அந்தக் குழப்பம் கரோனாவோடு முடிந்துவிடவில்லை. 2022 செப்டம்பரிலும் 2023 மார்ச்சிலும் காய்ச்சல் பரவியபோது புதுச்சேரியில் 1 முதல் 8 வரை வகுப்புகளுக்கு விடுமுறை விட்டார்கள், தமிழ்நாட்டில் விடவில்லை. ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான் எழுந்தது: அனுப்பலாமா, வேண்டாமா? அந்த ஒற்றைக் கேள்விக்குள் வேறுவேறு கேள்விகள் சில ஒளிந்திருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

தேதிகள் எதைச் சொல்கின்றன?

முதலில் நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

1. 2020 மார்ச்: இரு பக்கமும் பள்ளிகள் மூடப்பட்டன.
2. 2020 அக்டோபர் 8: புதுச்சேரியில் உயர் வகுப்பு மாணவர்கள் பாடத்தில் சந்தேகம் கேட்க மட்டும் வரலாம் என்று படிப்படியாக அனுமதித்தார்கள்.
3. 2020 நவம்பர் 9: தமிழ்நாட்டில் பள்ளிகளிலேயே பெற்றோரிடம் கருத்துக் கேட்டார்கள். நவம்பர் 16 அன்று திறப்பதாக இருந்தது, தள்ளிப்போனது.
4. 2021 ஜனவரி 4: புதுச்சேரியில் எல்லா வகுப்புகளும், முதலில் அரை நாள், ஜனவரி 18 முதல் முழு நாள். தமிழ்நாட்டில் ஜனவரி 19 அன்று 10, 12 வகுப்புகள் மட்டும், வகுப்புக்கு 25 பேர் என்ற கணக்கில். 9, 11 வகுப்புகளுக்கு பிப்ரவரி 8.
5. 2021 மார்ச் 22: இரு பக்கமும் ஒரே நாளில் மீண்டும் மூடல். ஆனால் மூடிய வகுப்புகள் வேறு. புதுச்சேரியில் 1 முதல் 8 வரை, தமிழ்நாட்டில் 9, 10, 11.
6. 2021 செப்டம்பர் 1: இரு பக்கமும் 9 முதல் 12 வரை. புதுச்சேரி இதை ஜூலை 16 அன்றே திறப்பதாக அறிவித்துத் தள்ளிவைத்திருந்தது.
7. 2021 நவம்பர் 1: தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை. புதுச்சேரியில் நவம்பர் 8 என்றிருந்தது, மழையால் டிசம்பர் 6 ஆனது.
8. 2022 ஜனவரியில் ஒமைக்ரான், மறுபடி மூடல். பிப்ரவரி 1 அன்று தமிழ்நாட்டிலும் 4 அன்று புதுச்சேரியிலும் மீண்டும் திறப்பு.

பட்டியலின் ஐந்தாவது வரியில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரே வைரஸ், ஒரே நாள். ஓர் அரசு சின்னப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறது, இன்னோர் அரசு பெரிய பிள்ளைகளை அனுப்புகிறது. எந்த வயதுக்கு ஆபத்து அதிகம் என்று இதிலிருந்து ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. தமிழ்நாட்டில் அப்போது திறந்திருந்ததே 9 முதல் 12 வரைதான். பொதுத்தேர்வு எழுத வேண்டிய 12-ஐ விட்டுவிட்டு மற்றதை மூடினார்கள். புதுச்சேரியில் எல்லாம் திறந்திருந்ததால் கீழ் வகுப்புகளை மூடினார்கள். அந்த நாட்களில் புதுச்சேரி மாணவர்கள் எழுதியதும் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுதான் என்பதால், மேல் வகுப்புகள் விஷயத்தில் சென்னையைப் பார்த்தே காலண்டர் நகர்ந்தது. கீழ் வகுப்புகளுக்கு அந்தக் கட்டு இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். புதுச்சேரியில் ஜனவரியில் பள்ளி திறந்தபோது இருந்தது ஓர் ஆட்சி. பிப்ரவரியில் அது கவிழ்ந்தது. மார்ச்சில் மூடியபோது குடியரசுத் தலைவர் ஆட்சி. செப்டம்பரில் திறந்தபோது தேர்தல் முடிந்து வந்த புதிய ஆட்சி. ஒரே ஆண்டுக்குள் பிள்ளைகள் மூன்று நிர்வாகங்களின் அறிவிப்புகளைக் கேட்டு வளர்ந்தார்கள்.

ஆக, திறப்புத் தேதி என்பது நோயை அளக்கும் கருவி ஆகாது. தொற்று எண்ணிக்கை, மருத்துவமனையில் காலிப் படுக்கை, தேர்வு அட்டவணை, மழை, நிர்வாகத்தின் துணிச்சல் அல்லது தயக்கம் எல்லாம் கலந்த ஒரு முடிவு அது. பக்கத்து ஊரின் தேதியை வைத்து நம் பிள்ளைக்கு ஆபத்தைக் கணிப்பது, பக்கத்து வீட்டு மருந்துச் சீட்டைக் கொண்டுபோய் நமக்கு மாத்திரை வாங்குவது மாதிரி.

சம்மதக் கடிதம் எதற்கு?

2020 செப்டம்பரிலும் அக்டோபரிலும் வந்த மத்திய அரசின் தளர்வு வழிகாட்டுதல்கள் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொன்னன. பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இருந்தால்தான் மாணவர் நேரில் வரலாம். வருகையைக் கட்டாயப்படுத்தக் கூடாது. வர விரும்பாதவருக்கு ஆன்லைன் வகுப்பு தொடர வேண்டும். அதாவது அந்தக் கடிதம், "வந்தே ஆக வேண்டும்" என்று பள்ளி நெருக்காமல் இருக்கப் பெற்றோருக்குக் கொடுத்த பிடி.

நடைமுறையில் அது எப்படி வந்து சேர்ந்தது? வாட்ஸ்ஆப்பில் ஒரு பிடிஎஃப். பிரவுசிங் சென்டரில் பிரதி எடுத்து, மகளின் பெயர், வகுப்பு, பிரிவு நிரப்பி, கீழே அப்பாவின் கையெழுத்து. மறுநாள் புத்தகப்பையின் முன் ஜிப்பில் நான்காக மடித்து அனுப்ப வேண்டும். அனுப்பினால் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நாமே எழுதிக் கொடுத்தோம் என்றாகும். அனுப்பாவிட்டால் பிள்ளை பின்தங்கும். பாதுகாக்க வந்த காகிதம் குற்ற உணர்ச்சியாக மாறியது இந்த இடத்தில்தான்.

சம்மதம் என்பது வருகைக்கான அனுமதி மட்டுமே. வகுப்பறையைச் சுத்தமாகவும் காற்றோட்டமாகவும் வைக்க வேண்டிய பொறுப்பு அந்தக் கையெழுத்தால் பள்ளியிடமிருந்து நீங்கிவிடாது. 2022 பிப்ரவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வழிகாட்டுதலை மாற்றி, சம்மதக் கடிதம் வேண்டுமா வேண்டாமா என்பதை மாநிலங்களே முடிவுசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது.

ஒரு பயத்துக்குள் நான்கு பயம்

"பயமா இருக்கு" என்று ஒரு தாய் சொல்லும்போது அதில் குறைந்தது நான்கு விஷயங்கள் இருக்கின்றன.

1. பிள்ளைக்கு நோய் வந்து கடுமையாகிவிடுமோ.
2. பிள்ளை நோயை வீட்டுக்குக் கொண்டுவந்து மாமியாருக்கோ அப்பாவுக்கோ கொடுத்துவிடுமோ.
3. பள்ளியில் உண்மையிலேயே பார்த்துக்கொள்வார்களா.
4. அனுப்பாமல் விட்டால் படிப்பு என்ன ஆகும்.

நான்குக்கும் பதில் வேறு. முதலாவதற்கான பதில் பெரும்பாலும் ஆறுதல் தருவது. இரண்டாவதற்கான பதில் தருவதில்லை. பலர் முதல் பயத்தைத்தான் வாய்விட்டுச் சொன்னார்கள். இரண்டாவதைச் சொல்வதற்கு ஒரு கூச்சம் இருந்தது என்பது என் கணிப்பு. பெரியவர்களை வைத்துக்கொண்டு அப்படிப் பேச முடியாதில்லையா?

பிள்ளைக்கு எவ்வளவு ஆபத்து?

கரோனாவில் ஆபத்தைப் பெருமளவு தீர்மானித்தது வயதுதான். பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, தொற்று ஏற்பட்டவர்களில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதை வயதுவாரியாகக் கணக்கிட்டது. 10 வயதில் 0.002 சதவீதம், 65 வயதில் 1.4 சதவீதம், 75 வயதில் 4.6 சதவீதம். சதவீதமாகப் படித்தால் மனத்தில் நிற்காது. இப்படிப் பார்க்கலாம்: பத்து வயதுப் பிள்ளைகள் 50,000 பேருக்குத் தொற்றினால் ஒரு மரணம். அதே 50,000 பேர் 65 வயதினராக இருந்தால் 700 மரணம். 75 வயதினர் என்றால் 2,300. இவை தடுப்பூசிக்கு முந்தைய எண்கள். பெரும்பாலும் பணக்கார நாடுகளின் தரவு என்பதால் நம்மூர் எண் முன்பின் இருக்கலாம். ஏறுமுகம் மட்டும் மாறவில்லை.

ஏன் இப்படி? வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏசிஇ2 என்னும் ஏற்பி, சிறுவர்களின் மூக்கு உட்பரப்பில் பெரியவர்களைவிடக் குறைவாக இருக்கிறது என்பது ஒரு விளக்கம். 2021 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் தலைவராக இருந்த பல்ராம் பார்கவா இதைச் சொல்லித்தான், திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்றார். நம் இரண்டு அரசுகளும் செய்தது நேர் எதிர்: மேல் வகுப்பு முதலில், கீழ் வகுப்பு கடைசியில். தேர்வு அட்டவணைப்படி அது சரி, உயிரியல்படி தலைகீழ்.

அதே சமயத்தில் ஐசிஎம்ஆர் நடத்திய நான்காவது தேசிய சீரோ சர்வேயின் முடிவும் வந்தது. சீரோ சர்வே என்றால், நோய் வந்ததா என்று கேட்காமல் ரத்தத்தில் எதிர்ப்புரதம் இருக்கிறதா என்று பார்த்து, ஏற்கெனவே தொற்று வந்துபோனவர்களை மதிப்பிடுவது. 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கும், 10 முதல் 17 வயதினரில் 61.6 சதவீதம் பேருக்கும் எதிர்ப்புரதம் இருந்தது. அப்போது பிள்ளைகளுக்குத் தடுப்பூசி கிடையாது, பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளியும் கிடையாது. "பள்ளிக்கு அனுப்பாமல் காப்பாற்றினோம்" என்று நினைத்த வீடுகளில் பாதிக்கு மேல், பிள்ளைக்குத் தொற்று ஏற்கெனவே வந்து போயிருந்தது.

"மூன்றாவது அலை குழந்தைகளைத்தான் தாக்கும்" என்ற பேச்சு 2021 மே மாதத்தில் எங்கிருந்து கிளம்பியது? பெரியவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டுவிடுவார்கள், மிச்சம் இருப்பது பிள்ளைகள், எனவே வைரஸ் அவர்களிடம் போகும் என்ற ஊகத்திலிருந்து. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அந்த மாதமே இதை மறுத்தது. சுகாதார அமைச்சகத்தின் கணக்கிலும், மொத்தத் தொற்றில் 20 வயதுக்கு உட்பட்டோரின் பங்கு முதல் அலையில் 11.31 சதவீதம், இரண்டாவது அலையில் 11.62 சதவீதம். பங்கு பெரிதாகக் கூடவில்லை. இரண்டாவது அலையில் மொத்த எண்ணிக்கையே பல மடங்கு பெருகியதால் பிள்ளைகளும் அதிகமாகக் கண்ணில் பட்டார்கள்.

ஆபத்து பூஜ்யம் என்று சொல்ல முடியாது. தொற்று வந்துபோன 2 முதல் 6 வாரங்களுக்குள் சில பிள்ளைகளுக்குக் கடும் காய்ச்சல், கண் சிவப்பு, தோல் தடிப்பு, வயிற்றுவலி எல்லாம் சேர்ந்து வந்தது. எம்ஐஎஸ்-சி என்று பெயர். உடலின் எதிர்ப்பு மண்டலமே மிகையாகக் கொதித்து உறுப்புகளைத் தாக்குவது. அரிதானது, நேரத்தில் மருத்துவமனைக்குப் போனால் பெரும்பாலும் குணமாவது. இதய நோய், புற்றுநோய் சிகிச்சை, கட்டுப்படாத நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கு மேலே சொன்ன ஆறுதல் எண்கள் பொருந்தாது. அவர்களின் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு.

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயா

ஸ்வீடன் 2020 வசந்த காலத்தில் தொடக்கப் பள்ளிகளை மூடவே இல்லை. மார்ச் முதல் ஜூன் வரை அந்த நாட்டின் 1 முதல் 16 வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 19.5 லட்சம் பேரில் 15 பேர் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள், கரோனாவால் ஒருவரும் இறக்கவில்லை. பள்ளி திறப்பை ஆதரித்தவர்கள் எல்லோரும் எடுத்து வைத்த உதாரணம் இது. ஆனால் ஸ்வீடன் பிள்ளை பள்ளி விட்டு வரும் வீட்டில் பெரும்பாலும் அப்பா, அம்மா மட்டும். பாகூரிலோ நெல்லிக்குப்பத்திலோ பிள்ளை பையைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகப் போவது ஆயாவின், அதாவது பாட்டியின், மடிக்கு.

50,000-க்கு ஒன்று, 50,000-க்கு எழுநூறு என்ற இரண்டு எண்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடுகள் நம்முடையவை. அதனால் "என் பிள்ளைக்குப் பாதுகாப்பா?" என்று பள்ளியைக் கேட்பதற்கு முன், "என் வீட்டுப் பெரியவருக்குத் தடுப்பூசி முடிந்ததா?" என்று வீட்டைக் கேட்டிருக்க வேண்டும். பள்ளித் திறப்பின் சாவி ஒரு வகையில் தாத்தா பாட்டியின் தோளில் இருந்தது.

இதை எத்தனை பேர் அப்படிப் பார்த்தார்கள்? 2021 டிசம்பர் முதல் வாரத்தில் புதுச்சேரியில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று, 1973-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி தடுப்பூசி கட்டாயம் என்ற உத்தரவு. இன்னொன்று, டிசம்பர் 6 அன்று தொடக்கப் பள்ளிகள் திறப்பு. நாளிதழில் வேறுவேறு மூலையில் வந்த இந்த இரண்டும் உண்மையில் ஒரே செய்தி. ஊசி போட்டுக்கொள்ளத் தயங்கிய பெரியவர் இருந்த வீட்டில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதுதான் ஆபத்து என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளுக்கான ஊசி பிறகுதான் வந்தது: 15 முதல் 18 வயதுக்கு 2022 ஜனவரி 3, 12 முதல் 14 வயதுக்கு மார்ச் 16. அதற்குள் பள்ளிகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மூடித் திறந்தாகிவிட்டது.

வகுப்பறையில் அளக்க வேண்டியது காற்றை

மூன்றாவது பயத்துக்கு வருவோம். பள்ளி எதைக் காட்டி நம்பிக்கை தந்தது? வாசலில் நெற்றிக்கு நீட்டும் வெப்பமானி, கைக்கு சானிடைசர், தரையில் வட்டம். கரோனா முக்கியமாகக் காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியாகப் பரவியது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் பரப்ப முடியும். எனவே வெப்பமானி பலரைப் பிடிக்காது, சானிடைசர் காற்றைத் தொடாது. இரண்டும் தேவையில்லாதவை என்று சொல்லவில்லை. வாசலில் நிற்பவருக்கு அவை கண்ணுக்குத் தெரியும், ஜன்னல் தெரியாது. அவ்வளவுதான்.

காற்றை எப்படி அளப்பது? கரியமில வாயுவை வைத்து. வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 420 பங்கு கரியமில வாயு இருக்கிறது. நாம் வெளிவிடும் மூச்சில் சுமார் 40,000. மூடிய வகுப்பறையில் அளவு 2,000 என்று காட்டினால், கூடுதலாக இருக்கும் 1,580-உம் அங்கே இருக்கும் பிள்ளைகளின் மூச்சிலிருந்து வந்ததுதான். 1,580-ஐ 40,000-ஆல் வகுத்தால் சுமார் 4 சதவீதம். அப்படியென்றால், நம் பிள்ளை இழுக்கும் ஒவ்வொரு 25 மூச்சிலும் ஒரு மூச்சு அளவுக்கு, ஏற்கெனவே வேறொருவர் விட்ட காற்று. ஜன்னல்களைத் திறந்து அளவு 800-க்கு இறங்கினால் அது நூற்றுக்கு ஒன்றாகிவிடும். மருந்தோ கருவியோ இல்லாமல், ஒரு கொக்கியைக் கழற்றியதில் நான்கு மடங்கு குறைவு.

இந்தக் கணக்கில் வசதியான பள்ளிகளே பின்தங்கின. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறையிலுள்ள காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. ஏசி வகுப்பு என்று தனிக் கட்டணம் கட்டிய பெற்றோர், நாற்பது பேரின் மூச்சைப் பிள்ளைக்குச் சுழற்சியில் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். உயரமான கூரையும் எதிரெதிரே நான்கு ஜன்னலும் உள்ள பழைய அரசுப் பள்ளிக் கட்டடம் இந்த ஒரு விஷயத்தில் மேல்.

அதற்கும் ஒரு எதிரி உண்டு: ஐப்பசி, கார்த்திகை. கடலூர், புதுச்சேரி இரண்டும் வடகிழக்குப் பருவமழையின் நேர் வழியில் இருப்பவை. மழை சாய்வாக அடிக்கத் தொடங்கியதும் முதல் வரிசைப் பிள்ளை எழுந்து ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தும். கொக்கி சரியாக மாட்டாவிட்டால் ஒரு நோட்டுத் தாளை மடித்து இடுக்கில் செருகும். பிறகு மணி அடிக்கும்வரை யாரும் அதைத் திறப்பதில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்க இரு பக்கமும் தேர்ந்தெடுத்தது நவம்பரை என்பது இந்தக் கோணத்தில் கொஞ்சம் சங்கடமான விஷயம்.

வகுப்பறையை மட்டும் பார்த்தால் போதாது. எட்டுப் பேர் உட்கார வேண்டிய வேனில் பதினைந்து பிள்ளைகள், மடியில் பை, மழைக்குக் கண்ணாடி ஏற்றி, முக்கால் மணி நேரம். பெஞ்சுக்கு இரண்டு பேர் என்று பள்ளி இடைவெளி விட்டதை அந்த வேன் சாலையிலேயே அழித்துவிடும். மதிய உணவு நேரமும் அப்படித்தான். முகக்கவசம் கழலும் நேரமும் கூட்டமாகப் பேசும் நேரமும் ஒன்றாக வருவது அப்போதுதான்.

வீட்டில் வைத்திருந்ததற்கு என்ன விலை?

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு 2020 மார்ச் நடுவிலிருந்து 2021 நவம்பர் 1 வரை பத்தொன்பது மாதம் பள்ளி இல்லை. முள்ளோடைப் பக்கத்துப் பிள்ளைக்கு நடுவில் பதினொரு வாரம் கிடைத்தது. அதன் பிறகு எட்டரை மாதம் பூட்டு.

பொருளாதார அறிஞர்கள் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா முதலியோர் 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஏழை வீடுகளில் நடத்திய கணக்கெடுப்பில், கிராமப்புறப் பிள்ளைகளில் 8 சதவீதம் பேர்தான் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தார்கள். 37 சதவீதம் பேர் படிக்கவே இல்லை. அந்தக் கிராமப்புறப் பெற்றோரில் 97 சதவீதம் பேர் பள்ளியைச் சீக்கிரம் திறக்கச் சொன்னார்கள்.

இந்தக் கடைசி எண்தான் "பெற்றோர் பயப்படுகிறார்கள்" என்ற வாக்கியத்தைக் கேள்வி கேட்கிறது. எந்தப் பெற்றோர்? தனி அறையும் வைஃபையும் உள்ள வீட்டில் காத்திருப்பது ஒரு தேர்வு. ஒரே செல்போனை அப்பா வேலைக்கு எடுத்துப்போகும் வீட்டில் அது படிப்பை நிறுத்துவது. பெற்றோரிடம் கருத்துக் கேட்கும்போது இரு குரலும் ஒரே பெட்டியில் விழுகின்றன. எந்தக் குரல் உரக்கக் கேட்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை வைத்து அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் செய்த ஆய்வின்படி, 2021 டிசம்பரில் பெரும் கற்றல் பின்னடைவு இருந்தது, மொழியைவிடக் கணக்கில் அதிகம். பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் கால்பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. 2021 அக்டோபரில் அந்தத் திட்டம் தொடங்கிய இடம், இந்தப் பகுதிக்கு அடுத்த விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பம். ஊர் பிள்ளைகளுக்கு ஊர்த் தன்னார்வலரே மாலையில் சொல்லிக்கொடுத்த, பெரும்பாலும் திறந்தவெளியில் நடந்த வகுப்புகள் அவை. காற்றுப் பிரச்சினைக்கும் படிப்புப் பிரச்சினைக்கும் ஒருசேர விடை.

காய்ச்சல் விடுமுறை வேறு கணக்கு

2022 செப்டம்பர் 17 முதல் 25 வரையிலும், எச்3என்2 இன்ஃப்ளூயன்சா பரவிய 2023 மார்ச் 16 முதல் 26 வரையிலும் புதுச்சேரி கீழ் வகுப்புகளுக்கு விடுமுறை விட்டதை கரோனா மூடலோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. மூன்று வித்தியாசங்கள் இருக்கின்றன.

1. இன்ஃப்ளூயன்சா முதியவர்களை மட்டுமல்ல, ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் கடுமையாக வாட்டும். கரோனாவில் கிடைத்த "சின்னப் பிள்ளைக்குப் பரவாயில்லை" என்ற ஆறுதல் இதில் இல்லை.
2. இதில் பிள்ளைகள்தான் முக்கியப் பரப்பிகள். எனவே பள்ளியை மூடினால் பரவல் உண்மையிலேயே குறைய வாய்ப்பு அதிகம்.
3. தொற்றி 1 முதல் 4 நாளுக்குள் நோய் வெளிப்படும். பத்து நாள் இடைவெளி சங்கிலியின் இரண்டு, மூன்று கண்ணிகளை அறுக்கும். கரோனாவில் மாதக்கணக்கில் மூடியது போல இதற்குத் தேவையில்லை.

தமிழ்நாடு அப்போது வேறு வழியில் போனது. 2023 மார்ச் 10 அன்று மாநிலம் முழுக்க 1,000 காய்ச்சல் முகாம்கள் நடத்தியது, பள்ளியை மூடவில்லை. இரண்டு முடிவுக்கும் நியாயம் உண்டு. ஆனால் விடுமுறை பலிக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. பள்ளிக்கு லீவு விட்ட அந்தப் பத்து நாளும், பூட்டிய மொட்டைமாடி அறையில் இருபது பிள்ளைகளோடு டியூஷன் நடந்துகொண்டிருந்தால் வைரஸுக்கு லீவு கிடைக்காது.

2025 ஜனவரியில் எச்எம்பிவி என்ற பெயர் டிவியில் ஓடியபோது அடுத்த பூட்டு வந்துவிட்டதோ என்று பலர் பதறினார்கள். அது 2001-இலேயே கண்டறியப்பட்ட, ஆண்டுதோறும் சளி இருமலாக வந்துபோகும் பழைய வைரஸ். புதிய பெயரைக் கேட்டதும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: வைரஸே புதிதா, செய்தி மட்டும் புதிதா?

அடுத்த முறை பள்ளியில் கேட்க வேண்டியவை

1. வகுப்பில் எதிரெதிர்ப் பக்கம் திறக்கும் ஜன்னல்கள் உண்டா? ஏசி அறையானால் ஒவ்வொரு பாடவேளைக்கு நடுவிலும் கதவைத் திறக்கிறார்களா?
2. மழை நாளில் என்ன ஏற்பாடு? சாரல் படாத பக்கத்து ஜன்னலையாவது திறந்து வைக்க முடியுமா?
3. வேனில் எத்தனை பேர்? கண்ணாடியை ஒரு விரற்கடையாவது இறக்கி ஓட்டுகிறாரா?
4. காய்ச்சலோடு வரும் பிள்ளையை வீட்டார் வரும்வரை எங்கே உட்கார வைப்பார்கள்?
5. உடம்பு சரியில்லாமல் நான்கு நாள் வராவிட்டால் வருகைப் பதிவில் அடிபடுமா? நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கும் பள்ளி, காய்ச்சல் பிள்ளையை வரச் சொல்லித் தானே அழைக்கிறது.

பெற்றோர் பக்கம் ஒன்று உண்டு. காலை ஏழு மணிக்கு உடம்பு சுடும். அரை மாத்திரை பாரசிட்டமால் கொடுத்தால் எட்டரைக்கு வாசலில் நீட்டும் வெப்பமானி சாதாரணம் என்று காட்டும். மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்குள் மருந்தின் வேகம் இறங்கும்போது காய்ச்சல் திரும்ப ஏறும். அது சரியாகச் சாப்பாட்டு மணி, பிள்ளைகள் டப்பா திறந்து பகிர்ந்து சாப்பிடும் நேரம். மாத்திரை போடாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் திரும்ப அனுப்புவது என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. அவசரத்தில் அனுப்பிவிட்டாலும், மாத்திரை கொடுத்த நேரத்தை டைரியில் எழுதி அனுப்பினால் வகுப்பாசிரியர் மதியத்துக்கு முன்பே ஒரு முறை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.